மாதிரிக் காசோலைக்குப் பின்னால்

மலேசியத் தமிழ் நாளேடுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு படம் மனப்பாடம். பள்ளி மண்டபம், பின்னால் பதாகை, நடுவில் பெரிய பலகையில் அச்சடித்த மாதிரிக் காசோலை. ஒரு முனையை அமைச்சரோ சட்டமன்ற உறுப்பினரோ பிடித்திருப்பார், மறுமுனையைத் தலைமையாசிரியர். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஓரமாக நின்று கேமராவைப் பார்ப்பார். படத்துக்குக் கீழே தொகையும் பள்ளியின் பெயரும் இருக்கும். அந்தத் தொகையை யார், எந்தக் கணக்கில் முடிவு செய்தார்கள், பள்ளி கேட்டது எவ்வளவு, அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கு ஏன் இல்லை என்ற விவரம் இருக்காது.

பேராக்கில் இந்தக் கேள்விகளுக்குக் கனம் அதிகம். நாட்டில் ஏறத்தாழ 530 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் 134 இந்த ஒரே மாநிலத்தில் உள்ளன, வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. ஈப்போவில் அரசினர் தமிழ்ப்பள்ளி, செட்டியார் தமிழ்ப்பள்ளி, பேராக் சங்கீத சபா தமிழ்ப்பள்ளி என்று நகரத்துப் பள்ளிகள் உண்டு. ஆனால் பட்டியலில் அடிக்கடி கண்ணில் படுவது ‘லாடாங்’ என்ற முன்னொட்டுதான்: எல்ஃபில், டவன்பி, ஹீவூட், கிந்தா கெல்லாஸ், ஜெண்டராத்தா. தோட்டங்களின் பெயர்கள் இவை. பல இடங்களில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டாகிவிட்டது. லயன் வீடுகளை இடித்து, குடும்பங்கள் சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டன. பள்ளி மட்டும் பழைய பெயரோடு நிற்கிறது.

அது அங்கே வந்த கதை தெரிந்தால்தான் இன்றைய பணச்சிக்கல் புரியும். மலாயாவில் 1912இலும் 1923இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள் தோட்ட முதலாளிகளுக்கு ஒரு கடமையை வைத்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும். நடத்தினார்கள், பெரும்பாலும் பெயருக்கு. கோயில் ஓரத்துக் கொட்டகையோ காலியான லயத்து அறையோ வகுப்பறை ஆனது. கிராணியோ ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ வாத்தியார் ஆனார். காலனி அரசு கொடுத்த மானியமும் தோட்ட நிர்வாகத்தின் கைக்கே போனது. பிள்ளையைப் பெற்றவர்கள் பால்வெட்டப் போயிருந்தார்கள், அவர்களை எவரும் கேட்கவில்லை. பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் பிரிக்கிறார்கள் என்பது தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று பெற்றோர் நினைக்கும் பழக்கம் அன்றே ஊன்றப்பட்டது.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. ஆசிரியர் சம்பளம் அரசின் பொறுப்பாயிற்று. ஆனால் கட்டடமும் நிலமும் அப்படி ஆகவில்லை. ‘முழு உதவி’ பெறும் பள்ளி, ‘பகுதி உதவி’ பெறும் பள்ளி என்று இரண்டு வகை உண்டாயின. அரசு நிலத்தில் இருப்பது முதல் வகை, தனியார் நிலத்தில் இருப்பது இரண்டாம் வகை. பகுதி உதவிப் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் வரும், பாடநூல் வரும், மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற மானியம் வரும். கூரை ஒழுகினால் அரசு கட்டாயம் வந்து பார்க்க வேண்டும் என்பதில்லை. தமிழ்ப்பள்ளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த இரண்டாம் வகைதான், காரணம் அவை தோட்டக்காரன் நிலத்தில் நிற்கின்றன.

தோட்டக்காரனும் ஒரே ஆளாக இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போயின. சுங்கை சிப்புட்காரரான வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலை எதிர்த்துத்தான். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள், கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். அதற்கு முன்பே, 1954இல், அவர் முயற்சியில் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்திருந்தது. தோட்டத்து மக்கள் சொந்தக் காசில் நிறுவனம் கட்ட முடியும் என்பதற்கு இவை இரண்டும் சான்று. அந்தக் காசில் கட்டியதை நடத்தும் அதிகாரம் பின்னர் யாரிடம் சேர்ந்தது என்பது தனியாக எழுத வேண்டிய கதை.

ஒரு பகுதி உதவிப் பள்ளியின் மேலாளர் வாரியச் செயலாளர் வைத்திருக்கும் கோப்பைத் திறந்து பார்த்தால் சிக்கலின் உருவம் தெரியும். மேலே நிலப்பட்டாவின் நகல் இருக்கும், சில நேரம் மூன்று கை மாறிய நிறுவனத்தின் பெயரில். அடுத்து, இணைக்கட்டடம் எழுப்ப ஆட்சேபம் இல்லை என்ற நில உரிமையாளரின் கடிதம், அல்லது அதைக் கேட்டு எழுதிப் பதில் வராத கடிதங்களின் நகல்கள். பிறகு பொதுப்பணி இலாகாவின் மதிப்பீடு, தீயணைப்பு இலாகாவின் குறிப்பு, மாவட்டக் கல்வி இலாகா வழியாக ஈப்போவிலுள்ள மாநிலக் கல்வி இலாகாவுக்கும் அங்கிருந்து புத்ராஜெயாவுக்கும் போன விண்ணப்பம். எல்லாம் மலாய் மொழியில், அதிகார நடையில். இந்தக் கோப்பில் ஒரு தாள் குறைந்தாலும் அந்த ஆண்டு ஒதுக்கீடு வேறு பள்ளிக்குப் போகும். கோப்பைக் கவனிப்பவர் பகலில் லாரி ஓட்டுபவராகவோ தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவராகவோ இருப்பார்.

இதற்குமேல் ஓர் அரசமைப்புச் சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் பள்ளிப் பணத்தைப் பிரிக்க உள்ளூர் பள்ளி வாரியங்கள் இருக்கின்றன, மக்கள் அவற்றுக்கு வாக்களிக்கிறார்கள், கூட்டத்தில் எழுந்து பேசுகிறார்கள். மலேசியாவில் கல்வி மத்திய அரசின் பொறுப்பு. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டபின் திரும்பி வரவே இல்லை. ஈப்போ மாநகர் மன்ற உறுப்பினர்கள்கூட நியமனம் பெறுபவர்கள்தான். ஆக, ‘உள்ளூர் முடிவு’ என்று ஒன்று சட்டப்படி இல்லை. நடைமுறையில் அது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது: அமைச்சின் மேசை, மாநில ஆட்சிக்குழு, நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி ஒதுக்கீடு, கட்சிக் கிளையின் பரிந்துரை. வாசல் ஒன்றாக இருந்தால் அங்கே போய் நிற்கலாம்.

தொகை எவ்வளவு என்பதில் ஓரளவு வெளிச்சம் உண்டு. ஒன்பதாவது மலேசியத் திட்டத்தில் (2006–2010) தொடக்கப்பள்ளி மேம்பாட்டுக்கு ஒதுக்கிய பணத்தைச் சீனக் கல்வி இயக்கங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகின்றன. தேசியப் பள்ளிகளுக்கு ஏறக்குறைய 459 கோடியே 81 லட்சம் ரிங்கிட், அதாவது 95 விழுக்காடு. சீனப்பள்ளிகளுக்கு 17 கோடியே 43 லட்சம். தமிழ்ப்பள்ளிகளுக்கு 6 கோடியே 48 லட்சம், 1.34 விழுக்காடு. அன்று தொடக்கப்பள்ளி மாணவர்களில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் மூன்று விழுக்காட்டுக்கும் மேல். 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் இந்தியர் உரிமைகளுக்கான ஹிண்ட்ராப் இயக்கம் திரட்டிய கூட்டத்தின் கோபத்தில் இந்தக் கணக்கும் இருந்தது. 2008 மார்ச் தேர்தலில் பேராக் ஆட்சியே எதிர்க்கட்சிகளின் கைக்கு மாறியது.

அதன்பின் பணம் வந்தது, அதை மறுக்க முடியாது. 2012 வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கென்று 10 கோடி ரிங்கிட், 2019க்கு 5 கோடி. சிலாங்கூரும் பினாங்கும் மாநில நிதியிலிருந்தே ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கின. பிரதமர் துறையில் பேராசிரியர் என்.எஸ். ராஜேந்திரன் தலைமையில் தமிழ்ப்பள்ளி மேம்பாட்டுப் பிரிவு ஏற்பட்டது. புதிய புளோக்குகள் எழுந்தன, கணினி அறைகள் வந்தன. வாக்குப் பெட்டியின் சூடு இல்லாமல் இது நடந்திருக்காது என்பதே இந்தக் கட்டுரையாளரின் எண்ணம். ஆனால் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவது, கூரை எல்லா மழைக்கும் ஒழுகுவது.

தேர்தல் வழி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குச் சுங்கை சிப்புட்டே பாடம். மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் ச. சாமிவேலு 1974 முதல் வைத்திருந்த தொகுதியை 2008இல் மலேசிய சோசலிசக் கட்சியின் மருத்துவர் ஜெயகுமார் தேவராஜ் வென்றார். அரசாங்க உறுப்பினர்களின் தொகுதிகளுக்குப் போகும் மேம்பாட்டு ஒதுக்கீடு எதிர்க்கட்சித் தொகுதிக்கு மறுக்கப்பட்டது. அதை எதிர்த்து அவர் 2010இல் நீதிமன்றம் போனார். ஒதுக்கீடு எம்.பி.யின் சொத்தல்ல, தொகுதி மக்களுடையது என்பது அவருடைய வாதம். வழக்கில் வெற்றி கிட்டவில்லை. அந்த ஆண்டுகளில் தன் பிள்ளையின் பள்ளிக்கு ஒரு வேலி வேண்டும் என்று கேட்ட பெற்றோருக்குக் கிடைத்த பாடம் எளிமையானது: வாக்கை மாற்றினால் வாசல் அடைபடும். ஜெயகுமாரும் ராணி ராசையாவும் தொடங்கிய ‘அலைகள்’ அமைப்பு அதற்கு வெகுமுன்னரே அந்த வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்களைத் திரட்டி வந்தது. குடியிருப்பு, சம்பளம், இழப்பீடு என்று அது நடத்திய போராட்டங்களில், மனுவைத் தொழிலாளர்களே எழுதி, அதிகாரியின் முன்னால் தாங்களே பேச வேண்டும் என்பது விடாப்பிடியான பழக்கம். பள்ளி வாரியங்களுக்கு வேண்டியதும் அதே பழக்கம்தான்.

பேராக்கில் நடந்த மிகப் பெரிய சோதனை நிலத்தில் நடந்தது. 2008இல் மக்கள் கூட்டணி மாநில அரசு ஒன்பது சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகளுக்கு 1,000 ஹெக்டர் நிலம் ஒதுக்க முடிவு செய்தது. 2009இல் ஆட்சியைப் பிடித்த தேசிய முன்னணியின் மந்திரி புசார் சாம்ப்ரி அப்துல் காதிர் காலத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கென்று 2,000 ஏக்கர் வந்தது. அதை நிர்வகிக்க ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். செம்பனை நட்டு, வருமானத்தை 134 பள்ளிகளின் பிள்ளைகளுக்குச் செலவிட வேண்டும் என்பது திட்டம். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குப் பதினைந்து ஏக்கர் தேறும். யோசனை அருமை. ஆண்டுதோறும் கையேந்தாமல் நிலையான வருமானம், அதுவும் தோட்டத்து மக்களுக்குக் கைவந்த தொழிலிலிருந்து.

குறை நிர்வாகத்தில் இருந்தது. அறக்கட்டளையை நடத்துபவர்களைத் தேர்ந்தெடுப்பதில் அந்த 134 பள்ளிகளின் வாரியங்களுக்கோ பெற்றோருக்கோ கை இல்லை. நியமனங்கள் அரசியல் பக்கமிருந்தே வந்தன. 2018இல் மாநில ஆட்சி மாறியபோது அறக்கட்டளையின் கணக்கு பொதுப்பேச்சானது. யார் சரி, யார் தவறு என்பதை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது வேறு: கணக்கைக் கேட்டவர்களும் பதில் சொன்னவர்களும் அரசியல்வாதிகளே. செம்பனை யாருடைய பெயரில் காய்த்ததோ அந்தப் பெற்றோர் அதைச் செய்தித்தாளில் படித்தார்கள். 134 வாரியங்களும் கூடித் தேர்ந்தெடுத்த மூன்று பேர் அறக்கட்டளையில் இருந்திருந்தால் சண்டை வந்திருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் சண்டையின் விவரம் பள்ளி மண்டபங்களுக்கு வந்திருக்கும்.

இனி மானியங்களுக்கு வருவோம். 2014இல் பிரதமர் துறையின் கீழ் இந்தியச் சமூக மேம்பாட்டுப் பிரிவான ‘செடிக்’ வந்தது. அரசு சாரா இயக்கங்களுக்கு அது மானியம் தந்தது: டியூஷன், பாலர் கல்வி, தொழில்திறன் பயிற்சி, தன்முனைப்பு முகாம். 2018இல் அது ‘மித்ரா’ ஆயிற்று, ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் என்று பேசப்பட்டது. 2021 இறுதியில் ஊழல் தடுப்பு ஆணையம் மித்ரா மானியங்களை விசாரிக்கத் தொடங்கி, சில நிறுவனங்களின் இயக்குநர்களைக் கைது செய்தது. ‘இந்தியர்களுக்கு வந்த பணம் எங்கே’ என்ற கேள்வி ஒரு தேர்தல் முழக்கமாகவே ஆகிவிட்டது.

முழக்கத்தின் இரைச்சலில் அமுங்கிப்போன ஒன்று உண்டு. நேர்மையாகச் செலவான மானியங்களும் சேவையை வாங்கின, குரலை வாங்கவில்லை. டியூஷன் பெற்ற பிள்ளைக்குப் பயன் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குப் பள்ளியின் ஆண்டுக் கணக்கை வாசிக்கத் தெரியுமா, தலைக்கு இவ்வளவு என்று வரும் மானியம் எந்தக் கணக்கில் சேருகிறது, எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று எவராவது அவருக்குச் சொன்னார்களா? 150 மாணவருக்குக் குறைந்தால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று பெயர். தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் அந்த வகை. தலைக்கணக்கில் பணம் வரும்போது சிறிய பள்ளிக்குச் சிறிய தொகைதான் வரும், மின்கட்டணமும் பராமரிப்பும் அதே விகிதத்தில் குறைவதில்லை. இந்த ஒரு விஷயத்தை ஒரு மாவட்டத்துப் பெற்றோர் அத்தனை பேரும் விளங்கிக்கொண்டால் கல்வி இலாகாவில் நடக்கும் பேச்சின் தொனி மாறும்.

இப்படி யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1979இல் தொடங்கிய கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியம் பெற்றோரோடு வேலை செய்து வந்திருக்கிறது. தமிழ் அறவாரியம் பள்ளி மேலாளர் வாரியங்களை உயிர்ப்பிப்பதில் அக்கறை காட்டியது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி உதவி பெறும் பள்ளிக்கு மேலாளர் வாரியம் வேண்டும். பல தமிழ்ப்பள்ளிகளில் அது வெகுகாலம் காகிதத்தில் மட்டும் இருந்தது, சிலவற்றில் காகிதத்திலும் இல்லை. சீனச் சமூகத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். சீனப்பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜியாவ் சோங் 1951இலும், வாரியங்களின் கூட்டமைப்பான டோங் சோங் 1954இலும் பிறந்தன. சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள், புள்ளிவிவரம், சட்ட ஆலோசனை எல்லாம் அங்கே உண்டு. ஐந்தாண்டுத் திட்டம் வெளியான கையோடு விழுக்காடு போட்டுச் சொல்ல அவர்களால் முடிகிறது. தமிழ்ப்பள்ளி வாரியங்களுக்கு அதற்கு இணையான அமைப்பு இல்லை. அது சமூகத்தின் அக்கறைக் குறைவு என்று மேடைகளில் திட்டுவார்கள். டின் சுரங்க முதலாளிகளின் நன்கொடையில் எழுந்த பள்ளிக்கும் கங்காணி கணக்கெடுத்த கொட்டகையில் எழுந்த பள்ளிக்கும் தொடக்கத்திலேயே இருந்த இடைவெளியை அந்தத் திட்டு மறந்துவிடுகிறது.

பிற நாடுகளில் பெற்றோரின் குரலுக்கே பணம் ஒதுக்கியதுண்டு. நியூயார்க்கில் ஒரு பெற்றோரான ராபர்ட் ஜாக்சனும் வழக்கறிஞர் மைக்கேல் ரெபெலும் முன்னின்று 1993இல் மாநில அரசின்மீது வழக்குப் போட்டார்கள். நகரப் பள்ளிகளுக்கு நியாயமான நிதி இல்லை என்பது புகார். 2003இல் மாநில உச்ச மேல்முறையீட்டு மன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது, தீர்ப்புக்கு முன் ஜாக்சன் மாநிலத் தலைநகரான ஆல்பனி வரை 150 மைல் நடந்தே போனார். அந்தப் பத்தாண்டுகளில் வழக்கறிஞர்களோடு நின்றுவிடாமல் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, ‘நல்ல கல்வி என்றால் என்ன, அதற்கு எவ்வளவு ஆகும்’ என்று பெற்றோரையே பேச வைத்தார்கள். அதற்கும் உள்ளூர் அமைப்புகளுக்கும் அறக்கட்டளைகள் பல்லாண்டு மானியம் தந்தன. வழக்கில் ஜெயித்தபின் சட்டமன்றம் பணத்தை இழுத்தடித்தபோது விடாமல் நின்றவர்கள் இந்தக் கூட்டங்களில் திரண்ட பெற்றோர்தான்.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வேறு வழியில் போயிற்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைக் குழுவே தயாரிக்க வேண்டும். தமிழ்நாடு 2022இல் இருபது பேர் கொண்ட குழுக்களை மாநிலம் முழுக்கப் புதிதாக அமைத்தது. எல்லாக் குழுவும் துடிப்பாக இயங்குகிறது என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் கேட்பதற்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது.

தொலைவே போக வேண்டாம், வடக்கே பினாங்கைப் பார்க்கலாம். 2012இல் அங்கே பாலினச் சமத்துவ வரவு செலவுத் திட்டச் சோதனை ஒன்றை மாநில அரசும் இரண்டு ஊராட்சி மன்றங்களும் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் சேர்ந்து நடத்தின. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மக்களிடம் போய், இன்ன தொகைக்கு எதைச் செய்யலாம் என்று கேட்டு அவர்களையே வாக்களிக்க வைத்தார்கள். பணம் பெரிதல்ல. கூட்டம் நடத்தவும் கணக்கை எளிய மொழியில் சொல்லவும் ஆள் வைத்ததுதான் செலவு. பினாங்குக்கும் சிலாங்கூருக்கும் இன்னொரு வசதி உண்டு: 2010–2011இல் இரு மாநிலங்களும் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேற்றின. பேராக்கில் அப்படி ஒரு மாநிலச் சட்டம் இல்லை. மத்தியில் இருப்பது 1972ஆம் ஆண்டு அதிகார ரகசியச் சட்டம்.

பேராக்குக்கு என்ன வகை மானியம் பொருந்தும்? சமூகத்துக்கு ‘திறன்’ கொடுக்கிறோம் என்று நட்சத்திர ஓட்டலில் ஒருநாள் கருத்தரங்கு நடத்தி, பையும் டி-சட்டையும் கொடுத்து அனுப்பும் வகை வேண்டாம். அந்தக் காசுக்குச் செம்பனைக் கன்றாவது வாங்கலாம். தேவைப்படுவது மாவட்டத்துக்கு ஓர் எழுத்தர், மலாயும் தமிழும் சரளமாக வரும், நில அலுவலகத்துக்கும் பொதுப்பணி இலாகாவுக்கும் அலையக்கூடிய ஆள். கிந்தாவுக்கு ஒருவர், கோலகங்சாருக்கு ஒருவர், கீழ்ப்பேராக்குக்கு ஒருவர் என்று ஐந்தாண்டு நிலையாக இருந்தாலே கோப்புகள் நகரும். ஐந்தாண்டு முக்கியம். ஒரு தோட்ட நிறுவனத்திடமிருந்து பள்ளி நிலத்தைப் பிரித்து வாங்கும் பேச்சு ஒரே நிதியாண்டில் முடியாது.

யார் கொடுப்பது என்பது இன்னும் கடினம். அரசு மானியத்தில் வாழும் இயக்கம் அதே அரசின் ஒதுக்கீட்டைக் கேள்வி கேட்டால் அடுத்த ஆண்டு மானியம் வருமா என்ற பயம் வரும். அந்தப் பயம் கற்பனையல்ல என்று சுங்கை சிப்புட் சொல்கிறது. தோட்ட நிறுவனங்களிடம் போகலாம். ஹூத்தான் மெலிந்தாங் பக்கம் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் ஜெண்டராத்தா தோட்டப் பிரிவுகளில் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் நிலத்தின் சொந்தக்காரர் தரும் பணத்தில் நிலம் கேட்பது சங்கடம். எஞ்சுவது கூட்டுறவுச் சங்கம், கோயில் நிதி, தொழில் செய்யும் முன்னாள் மாணவர்கள். மாதம் பத்து வெள்ளிக் கணக்கு ஒரு காலத்தில் தோட்டங்களையே வாங்கியது என்பதை வைத்துப் பார்த்தால், மூன்று நான்கு எழுத்தர்களின் சம்பளம் எட்டாத தொகை அல்ல. அரசுப் பணத்தை வேண்டாம் என்று சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டடத்துக்கு அரசு கொடுக்கட்டும், அது அதன் கடமை. அந்தக் கட்டடத்தைக் கேட்டு வாங்கி, கணக்கைப் பார்ப்பவரின் சம்பளம் மட்டும் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

இதற்கிடையே தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கிறது. 2000களின் இறுதியில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது, பத்தாண்டில் எண்பதாயிரத்தைச் சுற்றி வந்து நின்றது. தோட்டப்புறத்தில் பெற்றோர் குறைந்தால் வாரியத்தில் உட்காரவும் ஆள் குறையும். வாரியத்தில் பெற்றோருக்கு மட்டுமல்லாமல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. எல்ஃபிலிலும் கிந்தா கெல்லாஸிலும் படித்தவர்கள் இன்று ஈப்போவில் கணக்காளராகவும் குவாண்டிட்டி சர்வேயராகவும் வழக்கறிஞராகவும் இருக்கக்கூடும். பொதுப்பணி இலாகாவின் மதிப்பீட்டை வரிவரியாகப் படித்து, ‘இந்தக் கூரைக்கு ஏன் இவ்வளவு’ என்று கேட்கத் தெரிந்தவர்கள் இவர்கள்தான். வேலை நாளில் மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்தில் நடக்கும் வாரியக் கூட்டத்துக்கு அவர்கள் வர வேண்டுமானால் கூட்டத்தை இரவுக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்ற வேண்டும், பெட்ரோலும் டோலும் யாராவது தர வேண்டும். கட்டடம், உபகரணம், நிகழ்ச்சி என்று பிரித்து அச்சடித்த மானியப் படிவத்தில் அந்தச் செலவை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல்தான் செயலாளர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.